மும்மடி ஆகுபெயர்

அலையேறி இறங்கும் ஒரு சேற்றுவாய்.
அந்தக் கழிமுகத்தின் பெயர் ஆற்றுக்கு ஆகி வந்தது;
ஆற்றின் பெயர், அதைக் கடந்த தெருவுக்கு;
தெருவின் பெயர்,
அங்கே இரவெல்லாம் அதிர்ந்த அச்சு இயந்திரங்களுக்கும்
மேல்மாடியில் புகைத்துக்கொண்டு
அடுத்தவர் வாழ்க்கைக்குத் தலைப்பு வைத்தவர்களுக்கும்.

கார் என்றால் கருமை, மேகம், பருவம், பயிர் என்று
பள்ளியில் ஒப்பித்தோமே, அதே கணக்கு.
ஒரு வேறுபாடு:
காரை அறுத்துச் சோறாக்கலாம்.

ஆற்றை மூடி மேலே சாலை போட்டார்கள்.
சாக்கடையாய் இன்னும் அடியில் ஓடுகிறது.
பிறகு பத்திரிகைகளும் போயின,
ஓராண்டு இது, மறு ஆண்டு அது,
கிழக்கே, கப்பல்துறைப் பக்கம், முள்வேலிக்குள்.
போன பின்னும்
ஃப்ளீட் ஸ்ட்ரீட் கொதிக்கிறது என்றும்
ஃப்ளீட் ஸ்ட்ரீட் மோப்பம் பிடித்துவிட்டது என்றும்
வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்றொன்று, மார்ச், ஈரமான ஒரு செவ்வாய்.
கிரிம்ஸ்பியிலிருந்து முதல் ரயிலில் வந்தாள்
நோரீன் ஹெப்வொர்த்.
மீன் பதனிடும் கிடங்கில் இருபத்திரண்டு வருடம்;
இடதுகையில் ஒரு விரல்நுனி கிடையாது.
கைப்பையில் நான்காய் மடித்த நாளிதழ்.
முதல் பக்கத்தில் அவள் மகனின் படம்.
படத்தின் கீழே அவன் பெயர்.
பெயரின் கீழே
இன்னொரு டேரல் ஹெப்வொர்த்
இருநூறு மைல் தள்ளிச் செய்த கொலை.

திருத்தம் வந்தது. பதினேழாம் பக்கம்,
குதிரைப் பந்தய முடிவுகளுக்கு அடியில், மூன்று வரி.
அதில் ஹெப்வொர்த்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

அதற்குள் இரண்டு ஜன்னலும் ஒரு வேலையும் போயின.
மகன் இப்போது வடகடலில், எண்ணெய் மேடையில்,
அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப்பெயரில்.
தொலைபேசியில் டேரல் என்று கூப்பிட்டால்
ஒரு கணம் அந்தப் பக்கம் காற்று மட்டும்.

தனி ஆளை அவள் தேடவில்லை.
ஃப்ளீட் ஸ்ட்ரீட்டைப் பார்த்து
ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்.
ரயிலில் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள்,
அதில் ஒரு தடவை கெட்ட வார்த்தை இல்லாமல்.

தெருவில் சட்டை தைக்கிறவர், சாண்ட்விச் விற்கிறவர்,
அங்கியைத் தூக்கிப் பிடித்து மழையில் ஓடும் வக்கீல்கள்.
பத்திரிகையின் பெயரைக் கல்லில் செதுக்கிய கட்டடத்தில்
இப்போது பளிங்குத் தரை, முதலீட்டு வங்கி.

"அவர்கள் யாரும் இங்கே இல்லை, மேடம். போய்விட்டார்கள்"
என்றான் வாசல் காவலாளி.
"நேற்று ராத்திரி ரேடியோவில் இருந்தார்களே?"

அவன் சிரிக்கவில்லை.
மேசைக்கடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தான்.
எண் இல்லை, நிறுவனம் இல்லை,
ஃப்ளீட் ஸ்ட்ரீட், லண்டன் என்று மட்டும்
பென்சிலிலும் பச்சை மையிலும் எழுதிய உறைகள்.
வெள்ளிக்கிழமை வண்டி வந்து எடுத்துப் போகும்,
எங்கே என்று தனக்கும் தெரியாது என்றான்.

ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.
கனமாகத்தான் இருந்தது.
திரும்பப் போட்டாள்.

கழிவறை கேட்டாள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை;
விட்டான்.
திரும்பி வந்தவள் அவன் பெயர் கேட்டாள்.
லாகோஸில் அவன் அப்பா வைத்த நீளமான பெயர்,
இங்கே சட்டைப் பட்டையில் 'டேமி' என்று குறுகியது.
"முழுசாகச் சொல். மெதுவாக."
ஒ லு வ ட மி லா ரே.

நாளிதழை விரித்து ஓரத்தில் எழுதினாள்.
வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்.
நடுவில் ஓரிடத்தில் அவன் விரல் வைத்தான்.
அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்,
அதே அளவு எழுத்தில்,
முதல் பக்கத்திலேயே.